ஐடி சப்போர்ட் வேலைக்கு ரெஸ்யூம்: தருமபுரி, கிருஷ்ணகிரி பசங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் காரிமங்கலம் பக்கம். இப்ப ஓசூர்ல வீடு, தினம் அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு சர்வீஸ் டெஸ்க் டீமுக்குப் போய்ட்டு வரேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு, கடைசி மூணு வருஷமா ஃப்ரெஷர்ஸ் ரெஸ்யூமைப் பாத்து யாரை இன்டர்வியூக்குக் கூப்பிடலாம்னு சொல்ற வேலையும் என்கிட்ட இருக்கு. ஊர்ல தெரிஞ்சவங்க, அவங்க தம்பி தங்கச்சிங்க, காலேஜ் ஜூனியர்ஸ்னு வாட்ஸ்அப்ல ரெஸ்யூம் அனுப்பி "அக்கா கொஞ்சம் பாத்து சொல்லுங்க"ன்னு கேட்டுட்டே இருக்காங்க. கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விங்கதான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிடுறேன். ரெஸ்யூமை இங்கிலீஷ்லதான் எழுதணும், நான் விஷயத்தை மட்டும் தமிழ்ல சொல்றேன்.

அக்கா, டெக்னிக்கல் சப்போர்ட்னு போட்டிருக்குற எல்லா வேலைக்கும் ஒரே ரெஸ்யூமை அனுப்பலாமா?

அனுப்பாதீங்க. பேரு ஒண்ணா இருந்தாலும் உள்ள இருக்குற வேலை வேற வேற. சர்வீஸ் டெஸ்க், ஹெல்ப் டெஸ்க்னு போட்டிருந்தா நீங்க உக்காந்த இடத்துல இருந்து போன்லயும் சாட்லயும் ஆளுங்களுக்கு உதவுறீங்க, பாஸ்வேர்ட் மறந்துட்டேன், விபிஎன் கனெக்ட் ஆகல, அவுட்லுக் திறக்கல, இதுதான் நாள் முழுக்க. ஒவ்வொண்ணையும் டிக்கெட்டா எழுதணும், நேரத்துக்குள்ள முடிக்கணும், முடியலன்னா எல்2 (அடுத்த நிலை) ஆளுங்களுக்கு எல்லாத் தகவலோடயும் தள்ளி விடணும். டெஸ்க்டாப் சப்போர்ட்னா நீங்களே நடந்து போய் மெஷினைத் தொட்டுப் பாக்குற வேலை, ஓசூர் சிப்காட் பக்கத்து கம்பெனிகள்ல இதுதான் நிறைய வரும். அங்க பார்கோடு ஸ்கேனர், லேபிள் பிரிண்டர், அட்டென்டன்ஸ் மெஷின், நெட்வொர்க் கேபிள் இதெல்லாம் உங்க தலைமேல. கஸ்டமர் சப்போர்ட் வாய்ஸ்னு போட்டு பக்கத்துல டெக்னிக்கல்னு சேத்திருந்தா அது பிராட்பேண்டோ ஒரு ஆப்போ வாங்கின பொதுமக்கள்கிட்ட பேசுற வேலை, பேச்சுதான் அங்க முதல். என்ஓசின்னா ராத்திரி பகலா ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டு எந்த லிங்க் டவுன் ஆச்சுன்னு கவனிக்கிற வேலை.

இப்ப ஒரே ஆள்தான், அவனுக்கு ஆறு விஷயம் தெரியும்னு வைங்க. சர்வீஸ் டெஸ்க்குக்கு அனுப்பும்போது போன்ல ஆளுங்களுக்கு உதவினது மேல வரணும், டெஸ்க்டாப் சப்போர்ட்டுக்கு அனுப்பும்போது ஹார்ட்வேர் கழட்டி மாட்டினது மேல வரணும், என்ஓசிக்குன்னா நெட்வொர்க். புதுசா எதையும் சேக்கச் சொல்லல, இருக்குறதுல எது முதல்ல வருதுங்கறதுதான் மாறும். படிக்கிற ஆள் முதல் பாதிப் பக்கத்துல முடிவு பண்ணிடுவாங்க, நானும் அப்படித்தான் பாக்குறேன், நூறு ரெஸ்யூம் மேஜைக்கு வந்தா வேற வழி இல்ல. மூணு வெர்ஷன் ரெடி பண்ணி வெச்சுக்கோங்க, அப்புறம் ஒவ்வொரு கம்பெனிக்கும் பத்து நிமிஷம் மாத்தினா போதும்.

ஜேடில (வேலை விவரத்துல) நிறைய போட்டிருக்காங்க, எதைப் பாத்து மாத்துறது?

ஜேடியை ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, கையாலயே எழுதுங்க. எந்த வார்த்தை ரெண்டு மூணு தடவை வருதோ அதுக்குக் கீழ கோடு போடுங்க. "டிக்கெட்டிங் டூல், ஆக்டிவ் டைரக்டரி, ஆஃபீஸ் 365, எஸ்எல்ஏ" இந்த மாதிரி வார்த்தைங்க இருக்கும் (ஆக்டிவ் டைரக்டரின்னா கம்பெனி ஆளுங்களோட அக்கவுன்ட், பாஸ்வேர்டையெல்லாம் ஒரே இடத்துல பாத்துக்கிற மைக்ரோசாஃப்ட் சிஸ்டம், எஸ்எல்ஏன்னா ஒரு டிக்கெட்டை எவ்வளவு நேரத்துல முடிக்கணும்ங்கற ஒப்பந்தம்). உங்களுக்கு நிஜமாவே தெரிஞ்சதை அவங்க எழுதின அதே வார்த்தையில எழுதுங்க. அவங்க "ட்ரபிள்ஷூட்டிங்"னு போட்டிருக்க நீங்க "கம்ப்யூட்டர் ரிப்பேர்"னு எழுதினா ரெண்டும் ஒண்ணுதான்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும், ஆனா நௌக்ரி ஜாப் சைட்ல தேடுற ஹெச்ஆர் முதல் வார்த்தையைத்தான் டைப் பண்ணுவாங்க, அந்த லிஸ்ட்ல நீங்க வரவே மாட்டீங்க.

தெரியாத வார்த்தையைப் போட்டுடாதீங்க. இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். என் முதல் ரெஸ்யூம்ல "நெட்வொர்க்கிங் எக்ஸ்பர்ட்"னு இருந்துச்சு, ஒரு சீனியரோட ரெஸ்யூமைப் பாத்து அப்படியே எடுத்தது. பெங்களூருல ஒரு கம்பெனி இன்டர்வியூல "ஒரு சிஸ்டத்துல ஐபி அட்ரஸ் 169.254ன்னு ஆரம்பிச்சா என்ன அர்த்தம்?"னு கேட்டாங்க. எனக்கு வாயே வரல. ஐபி அட்ரஸ் குடுக்குற டிஹெச்சிபி சர்வர்கிட்ட இருந்து பதில் வராம விண்டோஸ் தானே ஒரு அட்ரஸ் போட்டுக்கிச்சுன்னு அர்த்தம், இவ்வளவுதான். "நெட்வொர்க்கிங் அடிப்படை, ஐபிகான்ஃபிக், பிங் கமாண்ட் வெச்சு பிரச்சினை எங்கன்னு பாக்கத் தெரியும்"னு போட்டிருந்து அதைப் படிச்சிட்டும் போயிருந்தா அந்த வேலை கிடைச்சிருக்கும்னு இன்னிக்கும் நினைக்கிறேன். திரும்பி வர பஸ்ல கிருஷ்ணகிரி வரைக்கும் அழுதுட்டே வந்தேன்.

எனக்கு எக்ஸ்பீரியன்ஸே இல்லையே, என்னதான் எழுதுறது?

அதிகமா வர கேள்வி இதுதான், இதுக்குத்தான் நான் நிறைய நேரம் பேசுவேன்.

காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி ரெஸ்யூம் அனுப்பினான். பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ், ஒரு காலேஜ் ப்ராஜெக்ட், ஹாபீஸ் கிரிக்கெட், அவ்வளவுதான். போன் பண்ணி லீவுல என்னப்பா பண்ணுவன்னு கேட்டேன். மாம்பழ சீசன்ல ஒரு கூழ் ஃபேக்டரி எடைமேடையில உக்காருவேன்க்கான்னான். அங்க கம்ப்யூட்டர் இருக்குமேன்னேன். ஆமாக்கா, சில நாள் எடை ஸ்க்ரீன்ல வராது, பெங்களூரா மாங்காய் லோடு லாரி ரோடு வரைக்கும் நிக்கும், ஓனர் கத்துவாருன்னான். அப்புறம் நீ என்ன பண்ணுவ? கேபிளைக் கழட்டி வேற யுஎஸ்பில மாட்டினா காம் போர்ட் நம்பர், அதான் கம்ப்யூட்டர் அந்த மெஷினுக்குக் குடுக்குற நம்பர், மாறிடும்க்கா, டிவைஸ் மேனேஜர்ல என்ன நம்பர்னு பாத்து சாஃப்ட்வேர்ல அதே நம்பரைப் போட்டா எடை வந்துடும், அதை ஒரு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டிட்டேன், நைட்டு வர அண்ணனுக்குத் தெரியாதில்லன்னான்.

இதை ஏன் எழுதலன்னு கேட்டா, இதெல்லாம் ஒரு வேலையாக்கான்னு சொல்றான். தம்பி, அறிகுறியைப் பாத்த, காரணத்தைக் கண்டுபிடிச்ச, லாரி நிக்குற அவசரத்துல பதறாம சரி பண்ண, அடுத்த ஆளுக்கு எழுதியும் வெச்ச. நீ சுவத்துல ஒட்டின பேப்பரைத்தான் எங்க ஆபீஸ்ல நாலெட்ஜ் பேஸ் ஆர்ட்டிகிள்னு சொல்றோம், அதை எழுதச் சொல்லி நாங்க ஆளுங்களைக் கெஞ்சிட்டு இருக்கோம். அவன் ரெஸ்யூம்ல "வேலை அனுபவம், சீசன் பணி"ன்னு மேல கொண்டு வந்து மூணு வரி எழுத வெச்சேன். எடை வராம நின்னப்ப காம் போர்ட் நம்பர் மாறினதைக் கண்டுபிடிச்சு சரி பண்ணது ஒரு வரி, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்ல பேப்பர் சிக்குறது, ரிப்பன் மாத்துறது, ஸ்பூலர் (பிரிண்ட் வரிசையைப் பாத்துக்கிற சர்வீஸ்) நின்னா திரும்ப ஸ்டார்ட் பண்றது ஒரு வரி, அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதினது ஒரு வரி. காலேஜ் ப்ராஜெக்ட் கீழ போயிடுச்சு.

உங்ககிட்டயும் இப்படி ஒண்ணு இருக்கும், நீங்க அதை வேலைன்னு எண்ணாம விட்டிருப்பீங்க. இ-சேவை மையத்துல உக்காந்திருந்தீங்களா? கைரேகை மெஷின் எடுக்கலன்னா அந்த மெஷினுக்கான ஆர்டி சர்வீஸ்ங்கற சாஃப்ட்வேர் ஓடுதான்னு பாத்து டிரைவர் திரும்ப இன்ஸ்டால் பண்ணியிருப்பீங்க, வரிசையில நிக்குற பாட்டிகிட்ட "அஞ்சு நிமிஷம் உக்காருங்க பாட்டி"ன்னு சொல்லி சமாளிச்சிருப்பீங்க, ரெண்டுமே எழுத வேண்டிய விஷயம். ஜெராக்ஸ் கடையில இருந்தீங்களா? வானவில் ஃபாண்ட்லயோ பாமினிலயோ அடிச்சுட்டு வந்த கடிதம் வேற சிஸ்டத்துல புரியாத எழுத்தா தெரியுறதை யூனிகோடுக்கு மாத்திக் குடுத்திருப்பீங்க. காலேஜ் லேப்ல அண்ணனுக்கு உதவியா இருந்து முப்பது சிஸ்டத்துல சாஃப்ட்வேர் போட்டிருப்பீங்க. சொந்தக்காரங்க லேப்டாப் ஸ்லோவா இருக்குன்னு கொண்டு வந்தப்ப டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100% நிக்குறதைப் பாத்து பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டிருப்பீங்க. கூலி வாங்கலன்னாலும் அது வேலைதான், "தன்னார்வமா செஞ்சது"ன்னு நேர்மையா தலைப்பு போட்டு எழுதுங்க.

எழுதும்போது மூணு விஷயம் ஒரே வரியில வரட்டும்: என்ன பிரச்சினை, நீங்க என்ன பண்ணீங்க, முடிவு என்னாச்சு. "கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ணத் தெரியும்"னு எழுதினா எனக்கு ஒண்ணும் தெரியாது. "8.8.8.8க்கு பிங் போகுது, வெப்சைட் மட்டும் திறக்கல, டிஎன்எஸ் அட்ரஸ் தப்பா இருந்ததைக் கண்டுபிடிச்சு மாத்தினேன்"னு எழுதினா இந்தப் புள்ள யோசிக்குதுன்னு தெரியும் (8.8.8.8 கூகுளோட சர்வர், டிஎன்எஸ்ங்கறது வெப்சைட் பேரை ஐபி அட்ரஸா மாத்திக் குடுக்குறது).

எல்லாத்துக்கும் நம்பர் போடணும்னு யூடியூப்ல சொல்றாங்களே, 40 சதவீதம் வேகப்படுத்தினேன்னு போடலாமா?

அளந்தீங்கன்னா போடுங்க, இல்லன்னா வேண்டாம். எப்படி அளந்தீங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா முகம் மாறிடும். சின்ன நிஜ நம்பரே போதும், "லேப்ல 32 சிஸ்டம்", "சீசன்ல மூணு மாசம்", "நாளைக்கு பதினஞ்சு இருபது பேர்". எண்ணிப் பாக்கலன்னா இன்னிக்கே ஒரு நோட்டு போட்டு யாருக்கு என்ன சரி பண்ணிக் குடுத்தீங்கன்னு தேதியோட எழுத ஆரம்பிங்க, ரெண்டு மாசத்துல உங்களுக்கே ஒரு கணக்கு வந்துடும், இன்டர்வியூல பேசவும் விஷயம் கிடைக்கும்.

ஆக்டிவ் டைரக்டரி எல்லா ஜேடிலயும் இருக்கு, ஆபீஸுக்குப் போகாம அதை எங்க கத்துக்கிறது?

வீட்லயே. 8 ஜிபி ரேம் இருக்குற ஒரு லேப்டாப் போதும், 16 இருந்தா நிம்மதி. ஒரு லேப்டாப்புக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டிப் பாக்குற விர்ச்சுவல்பாக்ஸ் ஃப்ரீ. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்வரை 180 நாள் சோதனைக்கு ஃப்ரீயா குடுக்குது, விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் 90 நாள். சர்வர்ல டொமைன் கன்ட்ரோலர் (எல்லா அக்கவுன்ட்டையும் பாத்துக்கிறது) போடுங்க, பத்து யூசர் உருவாக்குங்க, ஒருத்தர் அக்கவுன்ட் லாக் ஆகுற மாதிரி பாஸ்வேர்டைத் தப்பு தப்பா அடிச்சு அப்புறம் அன்லாக் பண்ணுங்க, எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே இடத்துல இருந்து செட்டிங் போடுற குரூப் பாலிசில ஒரு டிரைவ் மேப் பண்ணிப் பாருங்க. லாக் ஆகலன்னா பயப்படாதீங்க, அக்கவுன்ட் லாக்அவுட் பாலிசியை நீங்கதான் முதல்ல செட் பண்ணணும், அதைத் தேடிக் கண்டுபிடிக்கறதே ஒரு பாடம். இன்னொண்ணு, ஹோம் எடிஷன் விண்டோஸை டொமைன்ல சேக்க முடியாது, அது தெரியாம ஒரு தங்கச்சி ரெண்டு நாள் மண்டையை உடைச்சிக்கிச்சு.

டிக்கெட்டிங் டூலும் அப்படித்தான், ஓஎஸ்டிக்கெட்னு ஒண்ணு ஓப்பன் சோர்ஸ், இன்ஸ்டால் பண்ணி உங்க வீட்ல நடந்த பிரச்சினைகளையே டிக்கெட்டா எழுதிப் பழகுங்க. ரெஸ்யூம்ல "ஹோம் லேப்"னு தனித் தலைப்பு போட்டு நாலு வரி. அனுபவம்ங்கற தலைப்புக்குக் கீழ இதைப் போடாதீங்க, லேப்ல செஞ்சதுன்னே சொல்லுங்க, அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல.

கன்னடம், தெலுங்கு தெரியும்னு போடலாமா? இங்கிலீஷ் மட்டும்தானே கேக்குறாங்க?

கண்டிப்பா போடுங்க, மேல போடுங்க. நம்ம மாவட்டத்துப் பசங்க கையில வெச்சுக்கிட்டே தெரியாம இருக்குற சொத்து இது. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வீட்ல தெலுங்கு, தெருவுல கன்னடம், ஸ்கூல்ல தமிழ்னு வளர்ந்த பிள்ளைங்க எத்தனை பேர், வேப்பனப்பள்ளி, பர்கூர் பக்கம் தெலுங்கு சர்வசாதாரணம், கிருஷ்ணகிரி டவுன்ல உருது பேசுற வீடுங்க இருக்கு. பெங்களூரு சப்போர்ட் டெஸ்க்ல ஒரு ஃபேக்டரி சூப்பர்வைசர் பதட்டத்துல கன்னடத்துல பேச ஆரம்பிச்சார்னா கன்னடம் தெரிஞ்சவர் எடுத்தா பாதி பிரச்சினை அங்கயே அடங்கிடும், நான் தினம் பாக்குறேன். இதை நம்ம பசங்க கடைசிப் பக்கத்துல "லாங்வேஜஸ் நோன்"னு அப்பா பேருக்குப் பக்கத்துல போட்டு வெச்சிருக்காங்க.

பேருக்குக் கீழ இருக்குற சின்ன அறிமுகத்துலயே சொல்லுங்க: தமிழ், கன்னடம், தெலுங்கு மூணுலயும் பேசி உதவ முடியும், இங்கிலீஷ்ல எழுத முடியும். பேச மட்டும் தெரியும், எழுதத் தெரியாதுன்னா அதையும் அப்படியே எழுதுங்க.

இங்கிலீஷ் பத்தி ஒரு வார்த்தை. தமிழ் மீடியத்துல படிச்சேன், இங்கிலீஷ் வராதுன்னு பயந்து அப்ளை பண்ணாமலேயே இருக்குறவங்க நிறைய. எல்1 (முதல் நிலை) வேலைக்கு வேணும்ங்கற இங்கிலீஷ் ரொம்ப சின்னது, "உங்க ஸ்க்ரீன்ல என்ன மெசேஜ் வருது, எப்ப இருந்து வருது, வேற யாருக்காவது வருதா" இந்த மாதிரி அம்பது வாக்கியம். அதைச் சத்தமா சொல்லிப் பழகுங்க. ரெஸ்யூம்ல "எக்ஸலன்ட் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்"னு மட்டும் போடாதீங்க, எல்லா ரெஸ்யூம்லயும் அது இருக்கு, யாரும் படிக்கிறதில்ல.

எந்த சர்டிபிகேட் போட்டா எடுத்துக்குவாங்க?

சர்டிபிகேட்டை மட்டும் பாத்து யாரும் வேலை குடுக்கறதில்ல, இருந்தா கதவு கொஞ்சம் சீக்கிரம் திறக்கும். காம்ப்டியா ஏ ப்ளஸ் இந்த வேலைக்குன்னே இருக்கறது, ஆனா ரெண்டு பேப்பர் எழுதணும், ஃபீஸும் ஜாஸ்தி, வீட்ல கடன் வாங்கி எழுதுற அளவுக்கு அவசியம்னு நான் சொல்ல மாட்டேன். அதோட சிலபஸை ஃப்ரீயா டவுன்லோட் பண்ணிப் படிங்க, அது நல்ல வழிகாட்டி. கோர்ஸெரால கூகுள் ஐடி சப்போர்ட் கோர்ஸ் இருக்கு, சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமில ஃப்ரீ கோர்ஸ் இருக்கு, மைக்ரோசாஃப்ட் லேர்ன் முழுக்க ஃப்ரீ. 2022ல ஆரம்பிச்ச நான் முதல்வன் திட்டத்துல காலேஜ்லயே ஏதாவது கோர்ஸ் முடிச்சிருப்பீங்க, சம்பந்தப்பட்டதுன்னா போடுங்க. முடிக்காததை "படிச்சிட்டு இருக்கேன்"னு போடலாம், ஒண்ணு மட்டும். எட்டாங்கிளாஸ்ல வாங்கின ஓவியப் போட்டி சர்டிபிகேட் வேண்டாம்.

டிசைன் எப்படி இருக்கணும்? போட்டோ வைக்கணுமா?

ஒரே பக்கம், ஒரே காலம் (பக்கத்தை நெடுக்கா ரெண்டாப் பிரிக்காம), வெள்ளைப் பேப்பர், கறுப்பு எழுத்து. பிரவுசிங் சென்டர்ல பூ பார்டர் போட்டு நாலு பக்கத்துக்கு அடிச்சுக் குடுப்பாங்க, கேன்வால ரெண்டு காலம் வெச்சு ஸ்கில்லுக்கு நட்சத்திரம் குடுத்து அழகா வரும், ரெண்டும் நமக்கு ஆகாது. நிறைய கம்பெனில ரெஸ்யூமை முதல்ல ஒரு சாஃப்ட்வேர் படிச்சு பேரு, நம்பர், ஸ்கில்னு பிரிச்சு வெக்கும், ரெண்டு காலமும் டேபிளும் இருந்தா அது வரிகளைக் கலக்கிடும்.

சோதிச்சுப் பாக்க ஒரு எளிய வழி, உங்க பிடிஎஃப்பைத் திறந்து எல்லாத்தையும் செலக்ட் பண்ணி காப்பி பண்ணி நோட்பேட்ல பேஸ்ட் பண்ணுங்க. வரிசையா வந்தா சரி. குழம்பி வந்தா மாத்துங்க. ஒண்ணுமே வரலன்னா அது ஸ்கேன் பண்ண படம், பேப்பர்ல பிரிண்ட் எடுத்து மொபைல்ல ஸ்கேன் பண்ணி அனுப்புறாங்க இல்ல, அது அதுதான். போட்டோ வேண்டாம், கேட்டா தனியா அனுப்பலாம். ஃபைலுக்கு உங்க பேரும் வேலை பேரும் வெச்சு சேவ் பண்ணுங்க, "ரெஸ்யூம் ஃபைனல் நியூ 3"ன்னு வந்தா என் டவுன்லோட் ஃபோல்டர்ல அது காணாமப் போயிடும்.

அப்பா பேர், ஆதார் நம்பர், ஜாதி, "மேற்கண்ட விவரங்கள் உண்மை"ன்னு கையெழுத்து?

எதுவும் வேண்டாம். ஆதார், பான் நம்பரை ரெஸ்யூம்ல போட்டு நாலு ஜாப் சைட்ல ஏத்துறது ஆபத்தும் கூட. பேரு, போன், மெயில், ஊரு, லிங்க்டின் இருந்தா லிங்க், போதும். வீட்ல டவர் சரியா கிடைக்காதுன்னா கிடைக்கிற ஆள் நம்பரை ரெண்டாவதா போடுங்க, அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

ஊரு பென்னாகரம்னு போட்டா தூரம்னு கூப்பிட மாட்டாங்களா?

ஊரை மறைக்க வேண்டாம், பக்கத்துலயே பதிலையும் எழுதிடுங்க. "தருமபுரி, ஓசூர் அல்லது பெங்களூருக்கு இடம் மாற ரெடி, உடனே சேர முடியும்"னு ஒரு வரி. ஹெச்ஆருக்கு இருக்குற சந்தேகம் இந்தப் பையன் வருவானா, ரெண்டு மாசத்துல ஊருக்குத் திரும்பிடுவானாங்கறதுதான். ஓசூர்ல அத்தை வீடு இருக்கு, அங்க தங்கிப் போவேன்னா போன்ல கேக்கும்போது சொல்லுங்க. வராதவங்க வரேன்னு எழுதாதீங்க, ஷிஃப்ட்டும் அதே மாதிரிதான். நைட் ஷிஃப்ட்டுக்கு ரெடின்னு எழுதிட்டு ஆஃபர் வந்தப்புறம் வீட்ல விடலன்னு சொல்ற பிள்ளைங்களைப் பாத்திருக்கேன், அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல, முன்னாடியே வீட்ல பேசிட்டு எழுதுங்கன்னுதான் சொல்றேன். கம்பெனி கார் எத்தனை மணிக்கு எங்க எடுக்கும், எங்க இறக்கும்னு கம்பெனிகிட்ட கேட்டு அப்பா அம்மாகிட்ட விவரமா சொன்னா நிறைய வீட்ல சம்மதிக்கிறாங்க. என் வீட்லயும் அப்படித்தான் நடந்துச்சு.

அரியர் இருந்துச்சு, இல்லன்னா ரெண்டு வருஷம் கேப்பு (இடைவெளி). எப்படிப் போடுறது?

கிளியர் பண்ண அரியரைப் பத்தி ரெஸ்யூம்ல எழுத வேண்டியதில்ல, கேட்டா மறைக்காதீங்க. இன்னும் பாக்கி இருந்தா டிகிரி முடிச்சேன்னு போடக் கூடாது, "முடிக்கும் நிலையில்"னு போடுங்க. பர்சன்டேஜ் 60க்குக் கீழன்னா ஜேடில கட்-ஆஃப் போட்டிருக்காங்களான்னு பாருங்க, போடலன்னா நீங்களா எழுத வேண்டாம்.

கேப்புக்கு ஒரு வரி உண்மை போதும். "2022 முதல் 2024 வரை குடும்பப் பொறுப்பு, இந்தக் காலத்துல ஹோம் லேப்ல பயிற்சி"ன்னு. கல்யாணம் ஆகி குழந்தை பிறந்து திரும்ப வர அக்காங்க தங்கச்சிங்களுக்கு இதைத் தனியா சொல்றேன், மன்னிப்புக் கேக்குற மாதிரி எழுதாதீங்க. மெக்கானிக்கல், ட்ரிபிள் இ டிப்ளமோ முடிச்சு ஃபேக்டரில அப்ரென்டிஸ் இருந்தவங்களும் அப்ளை பண்ணலாம், லைன்ல ஸ்கேனர் வேலை செய்யலன்னா ஐடியைக் கூப்பிடுற முதல் ஆள் நீங்கதான், ஃபேக்டரி எப்படி ஓடும்னு தெரிஞ்ச டெஸ்க்டாப் சப்போர்ட் ஆள் கிடைக்கறது கஷ்டம்.

சாட்ஜிபிடில எழுதி வாங்கலாமா?

இங்கிலீஷ் தப்பைத் திருத்த உபயோகப்படுத்துங்க, தாராளமா. முதல்ல நீங்க எழுதிக் குடுங்க, அது திருத்தட்டும். அதுவா எழுதினா எல்லார் ரெஸ்யூமும் ஒரே குரல்ல வருது, ஒரே வாரத்துல அதே அறிமுகப் பத்தி பதினோரு பேர்கிட்ட இருந்து எனக்கு வந்துச்சு. எடைமேடை அதுக்குத் தெரியாது, நீங்க சொன்னாத்தான் தெரியும்.

ஒரு கன்சல்டன்சில ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தரேன்னு காசு கேக்குறாங்க, வாங்கலாமா அக்கா?

வேண்டாம் தம்பி, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன். பெங்களூருல பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன்ல பிஎஃப் கணக்கோட யூஏஎன் நம்பரை வெச்சே எந்த மாசம் எங்க வேலை செஞ்சீங்கன்னு பாத்துடுறாங்க. சேர்ந்து மூணு மாசம் கழிச்சுக் கூட கண்டுபிடிச்சு அனுப்பிடுவாங்க, அதுக்கப்புறம் அந்தப் பேரு கூடவே வரும். வேலை வாங்கித் தரேன், டெபாசிட் கட்டு, லேப்டாப்புக்கு அட்வான்ஸ் கட்டுன்னு சொல்றதும் மோசடிதான், ஒழுங்கான கம்பெனி உங்ககிட்ட பணம் கேக்காது. ஏற்கெனவே பணம் போயிடுச்சுன்னா வெக்கப்பட்டு உக்காராதீங்க, சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு உடனே போன் பண்ணுங்க, சீக்கிரம் சொன்னாத்தான் பணத்தை நிறுத்தி வெக்க வாய்ப்பு இருக்கு.

மேல ஆப்ஜெக்டிவ்னு எழுதணுமா?

"சவாலான சூழ்நிலையில என் திறமையை வளர்த்துக்க"ன்னு ஆரம்பிக்கிறது வேண்டாம். அந்த இடத்துல ரெண்டு வரி: நீங்க யாரு, என்ன சரி பண்ணத் தெரியும், எந்த வேலைக்கு வரீங்க.

அம்பது இடத்துக்கு அனுப்பிட்டேன், ஒருத்தரும் கூப்பிடல. என்ன பண்றது?

அம்பதும் ஒரே ஃபைலா? அப்படின்னா நிறுத்திட்டு மேல சொன்ன மூணு வெர்ஷனைப் பண்ணுங்க. அடுத்து அஞ்சு இடத்துக்கு மட்டும், ஒவ்வொரு ஜேடியும் பக்கத்துல வெச்சு மாத்தி அனுப்புங்க. எந்தக் கம்பெனிக்கு எந்த ஃபைல் போச்சுன்னு நோட்டுல எழுதுங்க, பத்து நாள் கழிச்சு திடீர்னு போன் வரும்போது எதை எழுதினோம்னு தெரியாம முழிக்கக் கூடாது. நௌக்ரில இருக்குற ப்ரொஃபைலை அப்பப்ப திறந்து புதுசா கத்துக்கிட்டதைச் சேத்து அப்டேட் பண்ணிட்டே இருங்க. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சதால நிறைய ஆபீஸ்ல சிஸ்டம் மாத்துற வேலை வந்துச்சு, டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் இருக்கா, ப்ராசஸர் ஒத்து வருமான்னு பாத்து விண்டோஸ் 11 போட்ட அனுபவம் ரெண்டு மூணு மெஷின்ல இருந்தாலும் அதையும் சேருங்க.

போன் வந்தா பஸ்ல இருந்து பேசாதீங்க, "பத்து நிமிஷத்துல நானே கூப்பிடுறேன் மேடம்"னு சொல்லிட்டு இறங்கி அமைதியான இடத்துல நின்னு கூப்பிடுங்க. அந்த எடைமேடை தம்பி தொப்பூர் பக்கம் பஸ்ல போய்ட்டு இருந்தப்பதான் அவனுக்குக் கால் வந்துச்சு, இறங்கி ஒரு டீக்கடைக்குப் பின்னாடி நின்னு காம் போர்ட் கதையை இருபது நிமிஷம் சொல்லியிருக்கான். அடுத்த வாரம் நேர்ல வரச் சொன்னாங்க.